கிந்தாவின் சுண்ணாம்புக் குன்றுகள்: அறிந்து ஏறுவோம், பேணிக் காப்போம்

ஈப்போ நகரின் அழகு எது என்று கேட்டால், அதனைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகளே என்று எவரும் தயங்காது கூறுவர். சமதரையிலிருந்து சுவர் எழுப்பியது போல் செங்குத்தாக உயர்ந்து, வெண்மையும் கருமையும் கலந்த பாறை முகத்துடன், உச்சியில் பசுமை போர்த்தி நிற்கும் இக்குன்றுகள் கிந்தா சமவெளிக்கே உரிய தனிச் செல்வம் ஆகும்.

இக்குன்றுகள் நம்மவர்க்குப் புதியன அல்ல. ஆண்டுதோறும் தைப்பூச நன்னாளில் புந்தோங் வட்டாரத்துச் சுங்கை பாரி மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பால்குடமும் காவடியும் ஏந்திப் புறப்படும் அடியார் கூட்டம், நகரைக் கடந்து குனோங் சீரோ அடிவாரத்தில் உள்ள கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்தைச் சென்றடைகின்றது. தோட்டங்களிலிருந்து லாரியிலும் பேருந்திலும் வந்து இறங்கி, இவ்வழியே நடந்து நேர்த்திக்கடன் தீர்த்த குடும்பங்கள் எண்ணற்றவை. ஆகவே, சுண்ணாம்புக் குன்றை நோக்கி நடப்பது நம் மக்களின் பழக்கத்தில் ஊறிய ஒன்றே.

ஆயினும், தலைமுறை தலைமுறையாக நாம் கைகூப்பி நிற்கும் இம்மலையின் இயல்பை முற்றும் அறிந்துள்ளோமா என்பது சிந்திக்கத்தக்கது. சுண்ணாம்புக் குன்று பிற மலைகளைப் போன்றது அன்று. அதனிடமிருந்து நம்மைக் காத்துக்கொள்ளல் வேண்டும். நம்மிடமிருந்து அதனைக் காத்தலும் வேண்டும். இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலில் பிறந்த மலை

இன்று குன்றுகள் நிற்கும் இவ்விடம் ஒரு காலத்தில் ஆழமற்ற கடலாக இருந்தது. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளிலிருந்து 25 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட நெடுங்காலத்தில், சிப்பி, பவளம் முதலிய கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து, அடுக்கடுக்காக இறுகிச் சுண்ணாம்புக் கல்லாயின. பின்னர், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பூமியின் உள்ளேயிருந்து உருகிய பாறைக் குழம்பு மேலெழுந்து குளிர்ந்து கருங்கல் மலைகளாயிற்று. கிழக்கே நிற்கும் நடுமலைத் தொடரும், மேற்கே புந்தோங்கிற்கும் மெங்லெம்புவிற்கும் அருகில் நிற்கும் கெலேடாங் மலையும் அவ்வாறு தோன்றியவையே. அந்தக் கொதிப்பில் சிக்கிய சுண்ணாம்புக் கல் பல இடங்களில் சலவைக் கல்லாக மாறியது. ஈப்போவின் சலவைக் கல் பெயர் பெற்றதற்கு இதுவே காரணம்.

கருங்கல்லுடன் வந்த மற்றொரு செல்வம் ஈயம். மழை நீர் மலைகளை அரித்துக் கொணர்ந்த ஈயத்தாது, பள்ளத்தாக்கின் அடியில் கிடந்த சுண்ணாம்புக் கல்லின் குழிகளிலும் இடுக்குகளிலும் தங்கிச் சேர்ந்தது. கிந்தா சமவெளி உலகின் மிகப் பெரிய ஈய வயல்களுள் ஒன்றாக விளங்கியது இதனால்தான். குன்றுகளுக்கு இடையே நாம் காணும் குட்டைகளுள் பெரும்பாலானவை அக்காலத்து ஈயச் சுரங்கங்கள் விட்டுச் சென்ற பள்ளங்களாகும்.

துளி செய்யும் வேலை

சுண்ணாம்புக் கல்லுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது நீரில் கரையும். வெறும் நீரில் அன்று. சற்றே புளிப்பேறிய நீரில் கரையும். மழைத்துளி காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு விழுகின்றது. மக்கிய இலைகளும் வேர்களும் நிறைந்த மண்ணின் வழியே இறங்கும்போது அவ்வாயுவை மேலும் ஏற்கின்றது. இவ்வாறு நீர் மிக மென்மையான அமிலமாகிறது. பால் உறைவதற்கு நாம் தொட்டியில் ஊற்றும் திராவகத்தின் வன்மையில் ஒரு சிறு பங்குகூட அதற்கு இல்லை. ஆயினும் இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஓயாமல் வேலை செய்வதால் அது கல்லைக் கரைத்து வெடிப்பை இடுக்காக்கும், இடுக்கைக் குகையாக்கும், குகையை மண்டபமாக்கும்.

கரைத்த கல்லை அந்நீர் தன்னுடன் எடுத்துச் செல்கின்றது. குகையின் கூரையில் ஒரு துளி தொங்கும்போது அதிலுள்ள வாயு வெளியேறுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. வெட்டுக்கோட்டின் ஓரத்தில் வடிந்த பால் காய்ந்து ஒட்டிக்கொள்வதை நாள்தோறும் காண்பவர்கள் நாம். குகையிலும் அவ்வாறே நிகழ்கின்றது. கூரையிலிருந்து கீழ்நோக்கி விழுது போலவும், தரையிலிருந்து மேல்நோக்கித் தூண் போலவும் கல் வளர்கின்றது. ஆனால் வேகம் வேறு. மங்கு நிறையச் சில மணி நேரம் போதும். கல் விழுது ஓர் ஆண்டில் வளர்வது ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கே. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வளர்வதாகக் கொண்டால், ஒரு சாண் விழுதுக்கு 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதனை ஒடிக்க ஒரு நொடி போதும்.

குன்றுகளில் எழுதிய வரலாறு

இக்குன்றுகள் மனிதரின் நெடுங்கால வரலாற்றையும் தாங்கி நிற்கின்றன. தம்புனில் செங்குத்தான பாறை முகம் ஒன்றில் செந்நிறத் தீட்டல்கள் உள்ளன. 1959-ஆம் ஆண்டு கூர்க்கா படைப்பிரிவினர் அவற்றைக் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தனர். இரும்புத் தாது கலந்த செம்மண் கொண்டு, விலங்குகளையும் மனித வடிவங்களையும் பிற கோலங்களையும் தொல்காலத்து மக்கள் அங்கே வரைந்துள்ளனர். ஆய்வாளர்கள் பின்னாளில் 600-க்கும் மேற்பட்ட வடிவங்களை அடையாளம் கண்டனர். மலேசியத் தீபகற்பத்தின் பாறை ஓவியங்களுள் தலையாயவை இவை.

சமயங்களும் இக்குன்றுகளில் இடம் தேடிக்கொண்டன. கல்லுமலை முருகன் வழிபாடு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேர்கொண்டது. நகரின் வடபுறத்தில் பேராக் தோங் என்னும் சீனர் குகைக் கோயில் 1926-இல் அமைக்கப்பெற்றது. அக்கோயிலின் பின்புறம் குன்றினுள்ளும் வெளியிலுமாக ஏறும் நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்தால் பள்ளத்தாக்கின் பரந்த காட்சி விரியும். தென்கிழக்கே குனோங் ராப்பாட் குன்றில் சாம் போ தோங், கெக் லோக் தோங் முதலிய குகைக் கோயில்கள் உள்ளன. கெக் லோக் தோங் குகையைக் கடந்து மறுபுறம் சென்றால், குளங்களும் நடைபாதையும் அமைந்த பூங்காவை அடையலாம். முதியோரும் சிறுவரும் எளிதாக நடக்கத்தக்க இடம் அது.

கோப்பெங் அருகிலுள்ள தெம்புரோங் குகை நாட்டின் பெரிய குகைகளுள் ஒன்று. 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமும், ஐந்து பெரிய மண்டபங்களும், ஊடே ஓடும் ஆறும் கொண்டது. ஒரு காலத்தில் அதனுள்ளும் ஈயம் எடுத்தனர். அவசரகாலத்தின்போது, அதாவது 1948 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில், கம்யூனிஸ்டுகள் அங்கே மறைந்து வாழ்ந்தனர் என்பர். இன்று படிகளும் விளக்குகளும் அமைக்கப்பட்டு, வழிகாட்டிகளின் துணையுடன் மக்கள் பார்க்கும் இடமாக அது விளங்குகிறது.

இவ்வட்டாரத்தில் தோட்ட மக்களின் நெஞ்சைத் தொடும் இடம் ஒன்றும் உண்டு. பத்து காஜாவிற்கு அருகில், கெல்லி கோட்டை என வழங்கும் முற்றுப்பெறாத மாளிகை நிற்கின்றது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பர் தோட்ட முதலாளியான வில்லியம் கெல்லி ஸ்மித் என்பவர் எழுப்பியது அது. 1915-ஆம் ஆண்டளவில் தொடங்கிய விரிவுப் பணிக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். 1918-இல் உலகெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் இங்கும் வந்து, அவர்களுள் பலரைக் கொண்டு சென்றது. அஞ்சிய தொழிலாளர்கள் அம்மனுக்கு ஓர் ஆலயம் வேண்டினர், முதலாளியும் இசைந்தார். மாளிகைக்கு அண்மையில் எழுந்த அம்மாரியம்மன் ஆலயத்தின் மேல், தெய்வ உருவங்களுக்கிடையே வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்த ஒரு துரையின் உருவத்தை இன்றும் காணலாம். 1926-இல் கெல்லி ஸ்மித் லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகை அரைகுறையாக நின்றுவிட்டது. மாளிகையைக் காணச் செல்வோர், அதற்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களின் ஆலயத்தையும் கண்டு வருதல் முறையாகும்.

மலை விழும் என்பதை மறவாதீர்

இனி, முதலில் குறிப்பிட்ட இரண்டு கடமைகளுள் ஒன்றைக் காண்போம். நீர் கல்லைக் கரைப்பது குகைக்குள் மட்டும் நிகழ்வதன்று. குன்றின் அடிவாரத்தையும் தேங்கிய நீரும் ஓடும் நீரும் அரித்துக் குடைகின்றன. அடி உள்வாங்கியபின் மேற்பாறை முன்னோக்கித் துருத்தி நிற்கின்றது. பாறையின் வெடிப்புகளில் மழைநீர் இறங்குகிறது. மரத்தின் வேர்கள் நுழைந்து ஆப்புப் போல் பிளக்கின்றன. வெளிப்பார்வைக்குக் குன்று என்றும் போலவே நிற்கும். ஒரு நாள், பாறைப் பாளம் எவ்வித அறிகுறியுமின்றிப் பெயர்ந்து விழும்.

1973-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் குனோங் சீரோவில் நிகழ்ந்தது இதுவே. பல ஆயிரம் டன் எடையுள்ள பெரும்பாளம் செங்குத்தான பாறை முகத்திலிருந்து பிரிந்து, அடிவாரத்தில் இருந்த குடியிருப்பின்மீது விழுந்தது. ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். கால்நடைகளும் மாண்டன. கிந்தா சமவெளியில் பாறைச் சரிவால் விளைந்த கொடுமைகளுள் இதனை ஒத்தது வேறில்லை. வாழ வேறிடமின்றியும், வழிபாட்டுத் தலத்தின் அருகே இருத்தல் நலம் என்று கருதியும், நிழலும் நீரும் கிடைக்கும் என்று எண்ணியும் மக்கள் பாறையடியில் குடியேறுவது எங்கும் உள்ள வழக்கம். அதன் விலை என்னவென்று அன்று நாம் கண்டோம்.

இதனால் குன்றுப் பக்கமே போகக் கூடாது என்பது பொருளன்று. அங்கே தங்கியிருப்பது வேறு, கடந்து செல்வது வேறு. துருத்திய பாறையின் கீழ் வீடு, கொட்டகை, கடை அமைப்பதும், நெடுநேரம் அமர்ந்து உணவு உண்பதும், வாகனங்களை நிறுத்துவதும் தவிர்க்கத்தக்கன. அடிவாரத்தில் புதிதாக உடைந்த கற்கள் கிடந்தாலும், பாறை முகத்தில் மழையால் கறுக்காத வெண்மையான தழும்பு தெரிந்தாலும், அண்மையில் அங்கே கல் பெயர்ந்துள்ளது என்று அறிக. கனமழை பெய்த அன்றும் மறுநாளும் அத்தகைய இடங்களை நெருங்காதிருத்தல் நன்று. எச்சரிக்கைப் பலகை நட்டிருந்தால் அது நமக்காகவே நடப்பட்டது என்று கொள்ளல் வேண்டும்.

நம்மால் மலைக்கு வரும் கேடு

இரண்டாவது கடமை மலையைக் காப்பது. இங்கே காக்கத்தக்கது கல் மட்டும் அன்று. ஒவ்வொரு குன்றும் சமவெளியில் நிற்கும் ஒரு தீவைப் போன்றது. ஒரு குன்றில் வாழும் சிற்றுயிர் அடுத்த குன்றுக்குச் செல்ல இயலாது. ஆகவே பல குன்றுகளில், உலகில் வேறெங்கும் இல்லாத நத்தைகளும் செடிகளும் பூச்சிகளும் உள்ளன. ஈப்போவிற்கு வடக்கே உள்ள குனோங் காந்தான் இதற்குச் சான்று. 1997-இல் ஒரு வகைச் சிலந்திக்கும், 2014-இல் ஒரு வகைப் பல்லிக்கும் அறிஞர்கள் அம்மலையின் பெயரையே சூட்டினர். அதே குன்றில்தான் சிமெண்டுக்காகப் பல ஆண்டுகளாகக் கல் வெட்டியெடுக்கப்படுகிறது.

வீடும் பாலமும் பள்ளிக்கூடமும் கட்டச் சிமெண்டு வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். கல்லுடைக்கும் இடங்களில் வேலை பார்த்துக் குடும்பம் காக்கும் நம்மவரும் உளர். ஆனால் வெட்டிய பால்மரப் பட்டை மீண்டும் வளரும். வெட்டிய குன்று வளராது. ஒரு குன்று மறைந்தால் அதற்கே உரிய உயிர்களும் அதனுடன் மறையும். எனவே எந்தக் குன்றை வெட்டலாம், எதனை விட்டுவைக்க வேண்டும் என்பது ஆராய்ந்து முடிவு செய்யத்தக்க பொருளாகும்.

இதில் நமக்கு என்ன என்று சிலர் வினவலாம். குகைகளில் தொங்கும் வௌவால்களை எடுத்துக்கொள்வோம். பூந்தேன் உண்ணும் ஒரு வகை வௌவால், இரவில் குகையை விட்டுப் பல கிலோமீட்டர் பறந்து சென்று, டுரியான் பூக்களிலும் பெத்தாய் பூக்களிலும் தேன் அருந்துகின்றது. அதன் உடலில் ஒட்டும் மகரந்தத்தாலேயே அம்மரங்கள் பெருமளவில் காய்க்கின்றன. குகையில் தீ மூட்டிப் புகைத்து வௌவால்களை விரட்டினால், தொலைவில் உள்ள கம்பத்து டுரியான் மரத்தில் விளைச்சல் குன்றும். பூச்சி உண்ணும் வௌவால்களும் உழவாரக் குருவிகளும் நாள்தோறும் பிடித்துத் தின்னும் பூச்சிகளோ எண்ணிலடங்கா.

பூங்கா என்னும் தகுதி

கிந்தா, கம்பார் ஆகிய இரு மாவட்டங்களை உள்ளடக்கிய கிந்தா பள்ளத்தாக்கு, 2018-ஆம் ஆண்டு தேசிய நிலவியல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வேலியிட்டு வாயிலில் சீட்டு விற்கும் பூங்காவை இப்பெயர் குறிப்பதன்று. மக்கள் வாழும் ஊர்களும் தோட்டங்களும் கோயில்களும் உள்ளடங்கிய ஒரு வட்டாரம் முழுவதையும், அதன் பாறை, உயிர்வளம், வரலாறு ஆகியவற்றின் சிறப்புக்காகப் போற்றி, அங்கு வாழ்வோரின் துணையுடன் பேணுவதே இதன் கருத்து. சுண்ணாம்புக் குன்றுகளுடன், தம்புன் ஓவியங்களும், தெம்புரோங் குகையும், பத்து காஜா வட்டாரத்தில் 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த ஈயம் வாரும் கப்பலும் இவ்வட்டாரத்தின் செல்வங்களாகும்.

ஒன்றைத் தெளிவாக அறிதல் நலம். இத்தகுதி ஒன்றினாலேயே ஒவ்வொரு குன்றும் சட்டத்தின் காவலில் வந்துவிடுவதில்லை. நம் நாட்டில் நிலம் மாநில அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. வனக் காப்பகம், வரலாற்றுச் சின்னம் என முறைப்படி அறிவிக்கப்பட்ட இடங்களுக்கே அந்தந்தச் சட்டத்தின் காவல் உண்டு. ஆகவே, இங்கு வாழும் மக்களும் இக்குன்றுகளின் அருமையை உணர்தல் இன்றியமையாதது. தோட்டங்களில் வாழ்ந்து பின்னர் புந்தோங்கிலும் பிற வீடமைப்புப் பகுதிகளிலும் குடியேறியவர்கள் இவ்வட்டாரத்தை நன்கு அறிந்தவர்கள். தாம் அறிந்ததைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறுவதும் ஒரு காவலே.

செல்லும் முறை

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் செல்ல விழைவோர்க்குச் சில குறிப்புகள் பயன்படும்.

முதலில் எளிய வழியைத் தேர்ந்து கொள்க. கெக் லோக் தோங் பூங்காவும் குனோங் லாங் பொழுதுபோக்குப் பூங்காவும் குடும்பத்துடன் நடக்க ஏற்றவை. கால் பழகிய பின் பேராக் தோங் படிகளில் ஏறலாம். நீண்ட நடை விரும்புவோர்க்கு 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த கெலேடாங் மலை உண்டு. அது கருங்கல் மலை; சரிவு படிப்படியானது. சுண்ணாம்புக் குன்றின் செங்குத்தான முகத்துடன் அதனை ஒப்பிட்டுப் பார்க்குமாறு பிள்ளைகளிடம் கூறினால், பாறை மாறினால் மலையின் வடிவமும் மாறும் என்பதை அவர்கள் கண்ணாலேயே கற்பர்.

காலையில் பால் வெட்டப் புறப்படுவது போல் மலைக்கும் விடியலில் புறப்படுக. பிற்பகலில் இடியும் மழையும் வருவது இவ்வட்டாரத்தின் இயல்பு. மழைக்காலத்தில் ஆறு ஓடும் குகைக்குள் நுழைதல் ஆகாது. வெளியே வெயில் அடிக்கும்போதும், மேலே எங்கோ பெய்த மழை குகைக்குள் வெள்ளமாக வரக்கூடும். வழிகாட்டி இன்றிப் பழகாத குகைக்குள் செல்வது பேராபத்து.

வனக் காப்பகத்தினுள் செல்வதற்கு வன இலாகாவின் அனுமதி தேவை. புறப்படுமுன் கேட்டறிந்து பெற்றுக்கொள்க. எங்கே செல்கிறோம், எப்பொழுது திரும்புவோம் என்பதை வீட்டிலோ அண்டை வீட்டாரிடமோ கூறிச் செல்க. ஒருவராகத் தனித்துப் போகாதீர்கள். ஆபத்து நேர்ந்தால் 999 என்னும் எண்ணை அழைக்கலாம்.

சுண்ணாம்புக் கல்லின் முனை கத்தி போன்றது, ஈரத்தில் வழுக்கும். பிடிப்புள்ள காலணி அணிக. பால் வெட்டும் அன்பர்கள் பயன்படுத்தும் தலைவிளக்கு குகையில் மிக உதவும். மாற்று மின்கலமும் உடன் இருக்கட்டும். வௌவால் எச்சம் குவிந்த இடத்தில் தூசியைக் கிளப்பாதீர்கள். அத்தூசி நுரையீரலுக்குத் தீங்கு செய்யும்.

கல் விழுதைத் தொடாதீர்கள். கையிலுள்ள எண்ணெய்ப் பசை பட்டால் நீர் படிவது தடைப்பட்டு, அவ்விடத்தில் வளர்ச்சி குன்றும். பாறையில் பெயர் எழுதுவதும் தம்புன் ஓவியங்களின்மேல் கை வைப்பதும் திருத்த இயலாத பிழைகள். புந்தோங்கில் பெயர் பெற்ற கச்சாங் பூத்தே வாங்கிச் சென்று உண்பதில் தடையில்லை. பொட்டலத்தை மட்டும் மடித்து வீட்டிற்கே கொண்டு வருக. தைப்பூசத்தன்றும் இவ்விதி பொருந்தும். முருகன் குன்றுதோறும் ஆடுபவன் என்று போற்றும் நாம், அவன் குன்றின் அடியில் குப்பையை விட்டு வருதல் தகாது.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இக்குன்றுகளைப் பேருந்தின் சன்னல் வழியே மட்டும் கண்டிருப்பர். ஒரு முறையேனும் அவர்களை அழைத்துச் சென்று, கூரையிலிருந்து விழும் ஒரு துளியின் அடியில் நிறுத்தி, அது செய்து வரும் வேலையைச் சொல்லிக் கொடுங்கள். எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பதையும் அப்பொழுதே காட்டிக் கொடுங்கள்.